பல்லு படி ஏறுமா?

என் நெஞ்சில் அடைப்பு இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர். துறையூரில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்ன கிளினிக். டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. 2024 பொங்கல் முடிந்த வாரம், இடது பக்கம் கீழ்த்தாடை வலிக்கிறது, கடைவாய்ப் பல் போலிருக்கிறது என்று போய் அந்தச் சாய்நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்தேன்.

"எப்போல்லாம் வலிக்குது ஆன்ட்டி?"

"நடந்தா வலிக்குது. இப்போ உங்க படி ஏறி வந்தப்பகூட வலிச்சுச்சு. உட்கார்ந்தா அஞ்சு நிமிஷத்துல போயிடுது."

"சாப்பிடும்போது? சில்லுன்னு தண்ணி குடிச்சா?"

"அப்போல்லாம் ஒண்ணும் இல்ல."

கையில் இருந்த சின்னக் கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டார். "பல்லு படி ஏறுமா ஆன்ட்டி?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "முதல்ல போய் ஒரு ஈசிஜி எடுங்க. பல்லை அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். ஃபீஸும் வாங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்த வலி புரட்டாசியிலேயே தொடங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் பெருமாள்மலை என்றால் புரட்டாசிச் சனிக்கிழமைதான். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் படி. வண்டிப் பாதையும் இருக்கிறது; ஆனால் கல்யாணமான வருஷத்திலிருந்து படி ஏறித்தான் போவேன். 2023-இல் பாதிகூட ஏறவில்லை, தாடையை யாரோ கீழிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தேன். போய்விட்டது. எழுந்து ஏறினேன். வந்துவிட்டது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன், எனக்கு அப்போது 51. அப்புறம் மார்கழிக் குளிரில் காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, மத்தியானம் சாப்பிட்ட கையோடு வேகமாக நடக்கும்போது என்று அடிக்கடி வந்தது. நெஞ்சில் ஒன்றுமே இல்லை. நெஞ்சுவலி என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள் என்பது சினிமா பார்த்து வந்த அறிவு. இதயத்திலிருந்து வரும் நரம்பும் தாடை, தோள், இடது கையிலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்திலும் மூளையிலும் ஒரே இடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்வதால், எங்கிருந்து புகார் வருகிறது என்று மூளை குழம்பிவிடுமாம். உழைத்தால் வரும், ஓய்ந்தால் போகும்: இதுதான் அதன் அடையாளம். இடம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஈசிஜி நார்மல். எடுத்த இடத்தில் இருந்த டாக்டர், "கேஸ்தாம்மா. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வரும், டென்ஷன் ஆகாதீங்க" என்று காலையில் வெறும் வயிற்றில் போடும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது யோசித்தால், படுத்திருக்கும் ஆளுக்கு ஈசிஜி எடுத்து இதயம் நன்றாக இருக்கிறது என்பது, எங்கள் சங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து எட்டிப் பார்த்துவிட்டு 'கூட்டமே இல்லை' என்று எழுதிவிட்டுப் போவது மாதிரி. நான் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். 28 வருஷம். நகைக்கடன், பயிர்க்கடன், உர மூட்டை. எந்த விஷயமும் எனக்குக் கணக்குப் புத்தகம் வழியாகத்தான் மண்டையில் ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் பல் டாக்டரே போன் பண்ணினார். நார்மல் என்றேன். "படுத்துக்கிட்டுதானே எடுத்தாங்க? நடக்க வச்சு எடுக்கச் சொல்லுங்க. திருச்சிக்குப் போங்க ஆன்ட்டி" என்றார். அந்தக் குரலில் இருந்த பிடிவாதத்துக்காகத்தான் போனேன்.

திருச்சியில் டிரெட்மில்லில் ஏற்றினார்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகத்தையும் மேட்டையும் கூட்டுவார்கள். இரண்டாவது கட்டத்திலேயே தாடை வந்துவிட்டது. திரையில் கோடு கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது. நிறுத்திவிட்டார்கள். கார்டியாலஜிஸ்ட் உட்காரவைத்து ஒரு காகிதத்தில் இதயத்தை வரைந்து காட்டினார்.

இதயத்துக்குள் எப்போதும் ரத்தம் நிறைந்திருக்கிறது, அப்புறம் அதற்கு எப்படி ரத்தம் போதாமல் போகும்? இந்தச் சந்தேகம் எனக்கு அன்றுதான் வந்தது, அன்றே தீர்ந்தது. நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் அள்ளி அனுப்பினாலும், உள்ளே நிற்கும் ரத்தத்தை இதயத் தசையால் குடிக்க முடியாது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் தொடக்கத்திலேயே இரண்டு கிளை பிரிந்து, இதயத்தின் மேல் கிரீடம் மாதிரி சுற்றிப் படர்ந்து, வெளியிலிருந்து உள்ளே அதற்கு ஊட்டுகின்றன. அந்த ஐந்து லிட்டரில் இருபதில் ஒரு பங்குதான் அதன் கூலி. கேஷியர் கையில் நாள் முழுக்க லட்சக்கணக்கில் புரண்டாலும் அவர் வீட்டில் அடுப்பெரிய சம்பளம் தனியாகத்தானே வர வேண்டும். அந்தச் சம்பளம் வருகிற குழாய்தான் கரோனரி தமனி. பெரிய கிளையே மூன்று, நாலு மில்லிமீட்டர் அகலம். ஒரு கொத்தமல்லி விதை போக வழி. உட்கார்ந்திருக்கும்போது பாதிச் சம்பளத்திலும் குடும்பம் ஓடும். படி ஏறும்போதுதான் பற்றாக்குறை தெரியும்.

மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, அடைப்பைப் படம் பிடிக்கிற ஆஞ்சியோ எடுத்தார்கள். எல்.ஏ.டி. என்று சொல்கிற, இதயத்தின் முன்பக்கம் இறங்கும் கிளையின் நடுவில் 85 சதவீதம் அடைப்பு. வலது தமனியில் 40.

என் வீட்டுக்காரருக்கு 85 தான் பயம். எனக்கும். டாக்டர் சொன்னது வேறு. "85 உங்களுக்கு வலியைக் குடுத்துச் சொல்லிடுச்சு. 40 சொல்லவே சொல்லாது. திடீர்னு வர்ற மாரடைப்பு பாதிக்கு மேல இந்த மாதிரி சின்ன அடைப்பு வெடிச்சுத்தான் வருது."

குழாயில் பாசி பிடித்து அடைப்பது போலத்தான் இதை நான் கற்பனை பண்ணி வைத்திருந்தேன். அப்படி இல்லை. எங்கள் பழைய வீட்டில் பின்கட்டுச் சுவரில் ஓதம் ஏறும். வெளியே வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கும். உள்ளே ஈரம் ஊறி, காரை உப்பி, ஒருநாள் விரல் பட்டால் பொலபொலவென்று கொட்டும். தமனியிலும் விஷயம் சுவருக்குள்தான் நடக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்புத் துகள் உள்வரிச் சவ்வைத் தாண்டிச் சுவருக்குள் போய்த் தங்கிவிடுகிறது. அதை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள் தின்று தின்று வீங்கி அங்கேயே செத்துக் கிடக்கின்றன. கொழகொழவென்று ஒரு கட்டி. மேலே நார் மாதிரி ஒரு மூடி. ரொம்ப நாள் வரைக்கும் சுவர் வெளிப்பக்கமாகப் புடைத்து இடம் கொடுத்துக்கொண்டே போகும், அதனால் உள்ளே வழி குறையாது. டிரெட்மில் பரிசோதனையில் தெரியாது. மூடி மெலிசாகி ஒருநாள் கிழிந்தால், உள்ளே இருப்பதைக் கண்டதும் ரத்தம் காயம் என்று நினைத்து உறைகிறது. காயத்தை அடைக்கப் போய்க் குழாயை அடைத்துவிடுகிறது. நேற்றுவரை டிரெட்மில்லில் ஓடியவர் இன்று விழுவது இப்படித்தான்.

இது எப்போது தொடங்குகிறது தெரியுமா? கொரியப் போரில் செத்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயத்தை அறுத்துப் பார்த்து 1953-இல் எழுதினார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் தமனியில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இருந்தது. இருபத்திரண்டு வயதில் நான் கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று டாக்டர் கேட்ட இன்னொரு கேள்வியைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் பல இடங்களில், பல படிவங்களில், 'குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா' என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றுதான் சொன்னேன். பொய் இல்லை, அப்படித்தான் நம்பினேன். இவர் கேள்வியை மாற்றிக் கேட்டார்.

"அப்பா எப்படிம்மா இறந்தார்?"

"வாயு அடைச்சு, சார்."

"என்ன வயசு?"

"47."

"வேர்த்துச்சா?"

"சட்டை நனைஞ்சு போச்சு."

அவர் தலை நிமிரவில்லை, ஒரு வரி எழுதிக்கொண்டார்.

1986 ஆடி மாசம், எனக்கு பதினாலு வயது. அப்பா அரிசி மில்லில் மூட்டை ஏற்றுபவர், பீடி நிற்காத வாய். ராத்திரி சாப்பிட்டுத் திண்ணையில் படுத்தவர் எழுந்து உட்கார்ந்து மேல்வயிற்றைத் தேய்த்தார். "வாயு பிடிச்சுக்கிச்சு, ஒரு சோடா வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார். தம்பிக்கு பத்து வயது. மூடின கடையைத் தட்டி எழுப்பி கோலி சோடா வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். அம்மா அதற்குள் ஓமத்தைக் கசக்கிக் கொடுத்திருந்தாள். இரண்டு தடவை வாந்தி. சோடாவை உடைத்து டம்ளரில் ஊற்றி நுரை அடங்குவதற்குள் அப்பா இல்லை.

எங்கள் வீட்டில் அது முப்பத்தெட்டு வருஷமாக வாயு. அம்மா இன்றைக்கும் உருளைக்கிழங்கு வாங்க மாட்டாள், அது வாயுவாம். அவளிடம் இதை எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதயத்தின் அடிப்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பகுதிக்கு ரத்தம் நின்றால் வலி மேல்வயிற்றில் தெரியலாம். ஏப்பம், குமட்டல், வாந்தி எல்லாம் வரலாம். தமிழ்நாட்டில் எத்தனை அப்பாக்கள், தாத்தாக்கள் 'வாயு அடைத்து' செத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனை பேரின் பிள்ளைகளும் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்குள், அம்மாவோ அக்கா தங்கையோ 65 வயதுக்குள் இப்படிப் போயிருந்தால் அது நம் கணக்கில் எழுத வேண்டிய வரி. அந்த வரியை நாங்கள் வேறு தலைப்பில் எழுதிவிட்டோம்.

அடைத்த இடத்தை விரித்துப் பிடிக்கிற ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழாயை வைத்து வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் ஒரு குற்றவாளியும் கொண்டுவந்தார்கள். பாமாயில்தான் என்றார் பெரிய நாத்தனார். பிராய்லர் கோழி என்றார் எதிர்வீட்டு அண்ணன். நான் கறி சாப்பிடுவதில்லை என்றதும், அப்போ டென்ஷன் என்று மாற்றிக்கொண்டார். ஒரு சித்தி மட்டும் நேரடியாக, "பெருமாளுக்கு ஏதோ வேண்டுதல் பாக்கி இருக்கு" என்றாள்.

ஆபத்துக் காரணி என்று தமிழில் எழுதுகிறார்கள். காரணி என்ற சொல்லே நம்மைக் கெடுக்கிறது. காரணத்தைக் காட்டு என்று கேட்க வைக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்று ஒரு ஊர். 1948 முதல் அந்த ஊர்க்காரர்கள் 5,209 பேரை விடாமல் பின்தொடர்ந்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது, வருவதற்கு முன் அவர்களிடம் என்ன இருந்தது என்று எழுதி வைத்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் எல்லாம் அங்கேதான் வரிசையாக வெளியே வந்தன. 1961-இல் அவர்கள் கட்டுரையில் வந்த சொல்தான் ரிஸ்க் ஃபேக்டர். நாங்கள் கடன் கொடுக்கும்போது பார்க்கிறோமே, பழைய பாக்கி இருக்கிறதா, பட்டா யார் பேரில், ஜாமீன் யார் என்று, அது மாதிரிதான். பாக்கி வைத்தவன் எல்லாம் கட்டாமல் போகிறவன் இல்லை. ஆனால் நூறு பேரில் எத்தனை பேர் கட்டமாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியும்.

எனக்குச் சிகரெட் இல்லை, கறி இல்லை, பி.பி. மாத்திரை இல்லை, ஆள் ஒல்லி. அப்படியானால் எனக்கு ஏன்? இந்தக் கேள்வியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவில் இருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களை எல்லாம் கட்டிலில் கொட்டி, வருஷ வாரியாக அடுக்கினேன்.

2000. இரண்டாவது பிரசவம். எட்டாம் மாசம் கால் வீங்கி, முகம் வீங்கி, பி.பி. 170/110. வலிப்பு வந்துவிடும் என்று ஊசி போட்டு அவசரமாக அறுத்து எடுத்தார்கள். இரண்டு மாசத்தில் பி.பி. இறங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்தினார்கள், பிள்ளை பிழைத்தது, எல்லோரும் மறந்தோம். கர்ப்பத்தில் அப்படி வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. யாரும் சொல்லவில்லை.

2011. எனக்கு 39. நிற்காத ரத்தப்போக்கு, கர்ப்பப்பையை எடுத்தார்கள். "இனிமே எதுக்கும்மா" என்று சினைப்பையையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரே வரிதான். ஐம்பதை ஒட்டி நிற்க வேண்டிய மாதவிலக்கு முப்பத்தொன்பதில் நின்றால், பெண் என்பதால் அதுவரைக்கும் தமனிக்கு இருந்த காவலும் அன்றோடு போய்விடுகிறது. எங்கள் பக்கத்தில் நாற்பதுக்குள் இந்த ஆபரேஷன் பண்ணிக்கொண்ட பெண்களை என் தெருவிலேயே எண்ணி ஐந்து பேர் சொல்வேன்.

2017. ஆபீஸில் நடந்த முகாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. "பார்டர்ல இருக்கும்மா." ஏழு வருஷம் பார்டரிலேயே நின்றேன். பார்டரில் நின்றபடி தினமும் ராத்திரி நாலு தோசை சாப்பிட்டேன். அதே சீட்டில் எல்.டி.எல். 128, பக்கத்தில் '130-க்குக் கீழ்' என்று அச்சடித்து நார்மல் போட்டிருந்தது. அந்த எண் எல்லோருக்கும் பொதுவாக அடித்தது. என் மற்ற காகிதங்களைப் பார்த்துவிட்டு அடித்தது இல்லை.

அப்புறம் வயிறு. கை கால் குச்சிதான். ஆனால் பாவாடை நாடாவைப் பத்து வருஷத்தில் மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை, ஆண்களுக்கு 90. எனக்கு 91. தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பைவிட குடலைச் சுற்றி இருக்கிற கொழுப்புதான் சர்க்கரையையும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் ஏற்றிவிடுகிறது. 'என்ன சாப்பிட்டாலும் உடம்பு போடாத ராசி' என்று என்னைப் பார்த்து ஊரே பொறாமைப்பட்டது.

வீட்டுக்காரர் 2014 வரைக்கும் சிகரெட் பிடித்தார், திண்ணையில் இல்லை, டி.வி. முன்னால். அதை எழுதும்போது அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "இதையும் எழுதணுமா?" என்றார். எழுதினேன். அடுத்தவர் புகையில் இருப்பதே ஆபத்தை நாலில் ஒரு பங்கு கூட்டுகிறது.

2021 கடைசியில் ஐந்து பவுன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடி வந்தது. பொட்டலம் பொட்டலமாக நகையை எடுத்து, எடை சரிபார்த்து, ஆதார், ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வீடு. தகுதிப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் கவுன்ட்டரில் நின்று என்னைத் திட்டிவிட்டுப் போவார்கள். அந்த மாசங்களில் நான் நடந்த நடை, சாப்பிட்ட நேரம், தூங்கிய தூக்கம் எதுவும் சரியில்லை. டென்ஷன் என்று சொன்ன எதிர்வீட்டு அண்ணன் முழுக்கத் தப்பில்லை. அது ஒரு வரி, முழுப் புத்தகம் இல்லை.

கடைசியாக, ஆஞ்சியோவுக்குப் பிறகு எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனை. லைப்போபுரோட்டீன் ஏ. சாதாரண கொழுப்பு டெஸ்டில் இது வராது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். எல்.டி.எல். துகளின் மேல் ஒட்டிக்கொண்டு இருக்கும் இன்னொரு புரதம். நார்வேக்காரர் கோரே பெர்க் 1963-இல் கண்டுபிடித்தது. இதன் அளவைத் தீர்மானிப்பது சாப்பாடு இல்லை, அப்பா அம்மா கொடுத்த மரபணு. வாழ்க்கையில் ஒரு தடவை பார்த்தால் போதும், பெரிதாக மாறாது. 50-க்கு மேல் ஆபத்து. எனக்கு 94. அப்பா எனக்கு நகையோ நிலமோ வைத்துவிட்டுப் போகவில்லை.

எங்கள் சங்கத்தில் அன்றன்றைய வரவு செலவை நாள்வழியில் எழுதுவோம். அப்புறம் ஒவ்வொரு ஆளின் கணக்கிலும் பேரேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டாலும் ஒவ்வொரு நாளின் கணக்கும் சரியாகத்தான் இருக்கும். ஒரு ஆள் மொத்தம் எவ்வளவு பாக்கி என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. பிரசவ டாக்டர் பிரசவத்தைச் சரியாகப் பார்த்தார். கர்ப்பப்பை டாக்டர் கர்ப்பப்பையைப் பார்த்தார். முகாமில் வந்தவர்கள் முகாமைப் பார்த்தார்கள். பேரேட்டில் ஏற்ற ஆள் இல்லை. 2018-இல் அமெரிக்க இதய மருத்துவர்கள் வெளியிட்ட கொழுப்பு வழிகாட்டியில், சாதாரணக் கணக்குக்கு மேல் ஆபத்தைக் கூட்டுபவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இளவயதில் இறந்த அப்பா, கர்ப்பகால ரத்த அழுத்தம், நாற்பதுக்கு முன் நின்ற மாதவிலக்கு, லைப்போபுரோட்டீன் ஏ எல்லாம் அதில் இருக்கின்றன. தெற்காசிய வம்சம் என்பதும் இருக்கிறது. நாம் பிறந்ததே ஒரு வரி.

அது ஏன் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கேரளத்துக் கொட்டாரக்கரைக்காரரான சலீம் யூசுஃப் என்ற டாக்டர் கனடாவில் இருந்துகொண்டு 52 நாடுகளில் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை ஒன்பதே விஷயங்கள் விளக்கிவிடுகின்றன என்றது: புகை, கெட்ட கொழுப்பின் விகிதம், ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனஅழுத்தம், காய்கனி சாப்பிடாமை, நடக்காமை, மது குடிக்கிறார்களா இல்லையா என்பது. ஒன்பதும் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் நம் பக்கத்து ஆட்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடு வயது 53. மற்ற நாட்டாருக்கு 59 பக்கம். நமக்கென்று தனி வியாதி இல்லை. அதே கடனை நாம் ஆறு வருஷம் முன்னதாகவே வாங்கிவிடுகிறோம், வட்டி சின்ன வயதிலேயே ஓட ஆரம்பிக்கிறது.

வைத்தியத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முதல் மூன்று வாரம் மாத்திரை மட்டும். வலி குறைந்தது, போகவில்லை. ஸ்டென்ட் வைக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். "இது உங்க வலிக்கு. ஆயுளைக் கூட்டுறது மாத்திரையும் நடையும்." நிலையான நெஞ்சுவலிக்காரர்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்தி 2020-இல் வெளியான ஆய்வும் அதைத்தான் சொல்கிறது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிர் காக்கும், அது வேறு கதை. பில்லை வாங்கியதும் நான் முதலில் பார்த்தது ஸ்டென்ட் விலையைத்தான், தொழில் புத்தி. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்து, மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய் என்று இறக்கியது. அதற்கு முன் லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது தினமும் ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்க இன்னொன்று, கொழுப்பைக் குறைக்க ஒரு ஸ்டாட்டின். எல்.டி.எல். 52. முன்பு 128 நார்மல். இப்போது 55-க்குக் கீழே இருக்க வேண்டுமாம். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர், தேன் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்ற வாட்ஸ்அப் எனக்கு பதினோரு பேர் அனுப்பினார்கள். பூண்டு ரசத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் சுவருக்குள் இருக்கும் ஓதத்தை வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது. ஸ்டாட்டின் இங்கிலீஷ் மருந்து, கெமிக்கல் என்கிறவர்களுக்கு ஒன்று: ஜப்பானில் அகிரா எண்டோ 1970-களில் ஆறாயிரத்துக்கு மேல் நுண்ணுயிர்களைச் சோதித்து, ஒரு பூஞ்சையிலிருந்துதான் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தார். அந்தப் பூஞ்சை கிடைத்தது அரிசியில்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) வேலை பார்க்கும் நர்ஸ் எனக்குப் பழக்கம். 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்ததிலிருந்து, நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்து, ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் மொத்தமாக அங்கேயே கொடுத்து 108-இல் ஏற்றி அனுப்புகிறார்களாம். "கை நிறைய மாத்திரைக்கா, விழுங்கவே பயப்படுவாங்க" என்றாள். நான் கோலி சோடாவை நினைத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து அந்த பி.எச்.சி. நடக்கிற தூரம்தான்.

தம்பிக்கு 2024-இல் 48 ஆனது. அப்பாவின் வயதைத் தாண்டிவிட்டான். டெஸ்ட் எடுடா என்று ஆறு மாசம் நச்சரித்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்பான். கடைசியில் நானே லேபுக்குப் பணம் கட்டி ரசீதை அவன் கையில் கொடுத்தேன், கட்டின பணம் வீணாகப் போவதை எங்கள் வீட்டில் யாரும் தாங்க மாட்டார்கள். லைப்போபுரோட்டீன் ஏ 81. பி.பி.யும் இருந்தது, எத்தனை வருஷமாகவோ. இப்போது மாத்திரை சாப்பிடுகிறான். சோடா வாங்கப் போன ராத்திரியைப் பற்றி முதன்முதலாக என்னிடம் பேசினான். ஓடி வரும்போது வழியில் ஒரு தடவை விழுந்தானாம். விழாமல் இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சின்ன மகள் இப்போது ஐந்து மாசக் கர்ப்பம். அவள் ஃபைலில் முதல் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டேன்: தாத்தா 47, அம்மா 51, அம்மாவுக்குப் பிரசவத்தில் பி.பி. குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்லி இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். என் காலத்தில் எனக்கு அதைச் செய்யவே இல்லை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதைப் பார்க்க வேண்டும் என்று விடாமல் வாதாடிய சென்னை டாக்டர் வி. சேஷையாவுக்கு என் மகள் சார்பில் ஒரு கும்பிடு. அவளுக்கு 118. 140-க்குக் கீழ் இருந்தால் சரி.

இந்தப் புரட்டாசியில் பெருமாள்மலையில் பாதிப் படி ஏறினேன். தாடை வலிக்கவில்லை, முட்டிதான் வலித்தது. மீதியை வண்டியில் போனேன்.

போன வாரம் பல் டாக்டரிடம் போய் ஒரு கிலோ பால்கோவா கொடுத்தேன். சர்க்கரை வேண்டாம் என்று நீங்கள் சொல்லக்கூடாதா என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். சரி, வந்ததற்குப் பல்லையும் பார்த்துவிடலாம் என்று படுக்கச் சொன்னார். அந்தக் கடைவாய்ப் பல்லில் உண்மையிலேயே ஒரு சொத்தை இருக்கிறதாம். வேர் சிகிச்சை பண்ண வேண்டும். ரத்த மாத்திரையை என் இஷ்டத்துக்கு நிறுத்தக்கூடாது, கார்டியாலஜிஸ்டிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்.